வில்லியம் பெண்டிங்: வேலூரால் வேலை இழந்து, இந்தியாவை ஆளத் திரும்பி வந்த பிரபு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்டிங் என்றால் சதியை, அதாவது உடன்கட்டை ஏறுவதை, ஒழித்தவர்தானே? அதற்கு மேல் என்ன இருக்கிறது?

பள்ளிப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். சதி ஒழிப்பு, தக்கி கொள்ளையர் ஒழிப்பு, ஆங்கிலக் கல்வி என்று மூன்று வரி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த மூன்று வரிக்கு இருபது வருடங்களுக்கு முன்பே இதே மனிதர் சென்னைக்குக் கவர்னராக வந்து, வேலூர்ப் புரட்சியால் வேலை இழந்து ஊர் திரும்பியவர். அதைப் பாடத்தில் வேறொரு அத்தியாயத்தில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஆள் என்பதே பலருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் பிடிபடுவார்.

எந்தக் குடும்பம்?

சாதாரணக் குடும்பம் இல்லை. 1774 செப்டம்பர் 14இல் போர்ட்லண்ட் கோமகனின் இரண்டாவது மகனாகப் பிறந்தார். அப்பா இரண்டு முறை பிரிட்டிஷ் பிரதமர். அம்மாவின் அப்பா டெவன்ஷயர் கோமகன், அவரும் பிரதமராக இருந்தவர். வம்சத்தின் வேர் ஹாலந்தில். மூதாதை ஹான்ஸ் வில்லெம் பெண்டிங், 1688இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் இங்கிலாந்து அரியணையைப் பிடிக்க வந்தபோது அவருக்கு வலது கையாகக் கூடவே வந்தவர். இந்த ஹாலந்து சமாசாரத்தைப் பிற்பாடு கல்கத்தா ராணுவ அதிகாரிகள் நன்றாகவே ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அது கீழே வருகிறது.

'லார்டு' என்று போடுகிறார்களே, பிரபுக்கள் சபையில் இருந்தாரா?

இல்லை. கோமகனின் இளைய பிள்ளைகளுக்கு மரியாதைக்காக முன்னால் ஒட்டும் பட்டம் அது. குடும்பப் பட்டமும் எஸ்டேட்டும் அண்ணனுக்கு. தம்பி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒரு வசதியும் உண்டு: இப்படிப்பட்ட 'லார்டு' மக்கள் சபைத் தேர்தலில் நிற்கலாம். 1796இல் 21 வயதிலேயே கேமல்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினரானார். கையளவு வாக்காளர்கள், அவர்களும் நிலப்பிரபுவின் கைக்குள் என்றிருந்த தொகுதி அது. 1832 தேர்தல் சீர்திருத்தத்தில் அந்தத் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். பெண்டிங் 1796இலேயே நாட்டிங்ஹாம்ஷயருக்கு மாறிவிட்டார், அது குடும்பச் செல்வாக்குள்ள சீமை.

16 வயதில் ராணுவ அதிகாரி ஆனாராமே?

ஆமாம், 1791இல் கோல்ட்ஸ்ட்ரீம் காவல் படையில். அன்றைக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை, மேலே போக மீண்டும் காசு. இந்த முறை 1871 வரை நீடித்தது. பணமும் சிபாரிசும் இருந்த பெண்டிங் 20 வயதுக்குள் லெப்டினன்ட் கர்னல். அதற்காக அவரைப் பொம்மை அதிகாரி என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தைப் பார்த்தார். 1799இல் இத்தாலியில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படையோடு இருந்தார்.

28 வயதில் சென்னைக்குக் கவர்னர்! எப்படி?

அதே சிபாரிசுதான். 1803 ஆகஸ்ட் 30இல் சென்னையில் பதவியேற்றார். அந்த ஆண்டுதான் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி மேரி அச்செசன், அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகள். பிள்ளைகள் இல்லை.

வந்த இடத்தில் அவர் மும்முரமாகப் பார்த்த விஷயம் நிலவரி. வங்காளத்தைப் போல ஜமீன்தார்களிடம் நிலத்தை நிரந்தரமாகக் கொடுப்பதா, உழுபவனிடம் நேராக வரி வாங்குவதா என்ற வழக்கு அப்போது சூடாக நடந்தது. தாமஸ் மன்றோ சொன்ன ரயத்துவாரிப் பக்கம் பெண்டிங் சாய்ந்தார். மன்றோவின் பெயர் இன்றும் சிலையோடு நிற்கிறது. அவருக்குத் தோள் கொடுத்த கவர்னரை யாரும் பேசுவதில்லை.

வேலூரில் என்ன நடந்தது? அவருக்கு அதில் என்ன பங்கு?

சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். சிப்பாய்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அணிவகுப்புக்கு வரும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையையும் சொன்ன அளவில் கத்தரிக்க வேண்டும். போதாக்குறைக்குப் புதிதாக ஒரு தலைப்பாகை. அக்னியூ என்ற அதிகாரியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருக்கும், முன்னால் தோலில் செய்த குஞ்சம் வேறு. அது மாட்டுத் தோலா பன்றித் தோலா என்ற கேள்வி வராமல் இருக்குமா? இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் ஆத்திரம் மூட்டுவது கஷ்டமான காரியம். கிரடாக் அதைச் செய்து காட்டினார்.

1806 மே மாதம் வேலூரில் சிலர் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்றார்கள். அவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பி விசாரித்து, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையை விட்டே நீக்கினார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய், உள்ளே கலகத்துக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று சொன்னார். அதிகாரி அதை இந்திய அதிகாரிகளிடமே விசாரிக்கச் சொன்னார். அவர்கள், 'ஐயா, அவனுக்குப் பைத்தியம்' என்றார்கள். சொன்னவரைப் பிடித்து அடைத்துவிட்டு நிம்மதியானார்கள்.

வேலூர்க் கோட்டைக்குள்தான் 1799 முதல் திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் குடும்பத்தோடு வைத்திருந்தார்கள். ஜூலை 9இல் திப்புவின் மகள் ஒருவருக்கு அங்கே கல்யாணம். மறுநாள் விடியும் முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி பேன்கோர்ட் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் செத்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போக, அங்கிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, வாசலைப் பீரங்கியால் உடைத்து உள்ளே புகுந்தார். காலையிலேயே முடிந்தது. அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களைச் சுவர் ஓரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள்.

பெண்டிங்கின் பங்குக்கு வருவோம். தலைப்பாகை அவர் யோசனை இல்லை. ராணுவ விதித்தொகுப்பை மொத்தமாக ஒப்புதலுக்கு அனுப்பியபோது நாமமும் கடுக்கனும் பற்றிய பத்தி அதற்குள் போய்விட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜூன் கடைசியில் கிரடாக்கே தயங்கி, விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்டபோதும், பின்வாங்க வேண்டாம் என்றுதான் கவர்னரின் சபை சொன்னது. என் பார்வையில் முதல் கையெழுத்தை விட இரண்டாவது பதில்தான் பெரிய தப்பு. முதலில் அவருக்குத் தெரியாது. இரண்டாவது முறை தெரியும், ஆனாலும் சிப்பாய் பக்கம் யாரையும் அவர் கேட்கவில்லை.

அப்பா பிரதமராக இருந்தும் பதவி போனது எப்படி?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1807 மார்ச்சில் அப்பா இரண்டாம் முறை பிரதமரானார். செப்டம்பர் 11இல் மகன் சென்னைக் கவர்னர் பதவியை விட்டு இறங்கினார். கவர்னரைத் திரும்ப அழைக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் கையில் இருந்தது, அவர்கள் கிரடாக்கையும் சேர்த்து அனுப்பிவைத்தார்கள். தன்னை விசாரிக்காமல் தண்டித்துவிட்டார்கள் என்ற மனக்குறை பெண்டிங்குக்குக் கடைசி வரை இருந்தது. தன் பக்க நியாயத்தை இயக்குநர்களுக்கு நீண்ட மனுவாக எழுதி, அச்சடித்தும் வெளியிட்டார்.

அதோடு அரசியல் முடிந்துவிட்டதா?

இல்லை, மறுபடி ராணுவத்துக்குப் போனார். 1809 ஜனவரி 16, ஸ்பெயினின் கொருன்னா. பிரெஞ்சுப் படை துரத்த, பிரிட்டிஷ் படை கடற்கரை வரை பின்வாங்கி நின்று சண்டை போட்ட நாள். எல்வினா கிராமத்தில், சண்டை உக்கிரமாக இருந்த இடத்தில், பெண்டிங்கின் படைப்பிரிவு. அன்று அங்கே பிடிபட்ட சார்லஸ் நேப்பியர் என்ற அதிகாரி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: குண்டு பறக்கும் நேரத்தில் பெண்டிங் ஒரு சாதுவான கோவேறு கழுதை மேல் வந்து, காலைச் சிற்றுண்டிக்குப் போகிறவர் போல ஆற அமரப் பேசிக்கொண்டிருந்தாராம்.

1811இல் சிசிலி. அரசர் ஃபெர்டினாண்டு, அரசி மரியா கரோலினா. அரசி பிரான்ஸில் கில்லட்டினுக்குப் போன மேரி அன்டாய்னெட்டின் அக்கா. பெண்டிங் அங்கே தூதர், கூடவே பிரிட்டிஷ் படைக்குத் தளபதி. துப்பாக்கி தன் கையில் இருந்த தைரியத்தில் அரசரை ஓரங்கட்டி, 1812இல் இங்கிலாந்து மாதிரியில் ஓர் அரசியல் சட்டம் வரவழைத்தார். அடுத்த ஆண்டு அரசியையே தீவை விட்டு வெளியேற்றினார். 1814இல் ஜெனோவாவைப் பிடித்து, பழைய குடியரசு மீண்டும் வந்துவிட்டது என்று அறிவித்தார். லண்டன் அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லை! வியன்னா மாநாட்டில் ஜெனோவாவை சார்டினியா அரசருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண்டிங்குக்கு மறுபடியும் ஊருக்கு டிக்கெட்.

பிறகு எப்படி கவர்னர் ஜெனரல் ஆனார்?

பல வருடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1819இல் மீண்டும் சென்னையைத் தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். அவருக்கு வேண்டியது கல்கத்தா. அங்கே போனால்தான் வேலூர்க் கறை போகும் என்ற எண்ணம். 1827இல் ஜார்ஜ் கேனிங் பிரதமரானதும் வழி திறந்தது. கேனிங்கின் மனைவியும் பெண்டிங்கின் அண்ணியும் கூடப் பிறந்தவர்கள். 1828 ஜூலையில் பொறுப்பேற்றபோது வயது 53.

ராணுவ அதிகாரிகளுக்கு அவர் மேல் ஏன் அத்தனை கோபம்?

பர்மா போர் கஜானாவைக் காலி செய்திருந்தது. கம்பெனியின் சாசனம் 1833இல் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எப்படியாவது கணக்கை நேர் செய்யச் சொல்லி அனுப்பினார்கள். அதில் ஒன்று 'அரை பத்தா'. பத்தா என்பது அதிகாரிகளின் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் படி. கல்கத்தாவைச் சுற்றிய சில பாசறைகளில் அதைப் பாதியாக வெட்டச் சொல்லி இயக்குநர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் தட்டிக்கழித்ததை, பெண்டிங் வந்த கையோடு 1828 நவம்பரில் அமல்படுத்தினார். மிச்சமான காசு கொஞ்சம், சம்பாதித்த பகை மலையளவு. அழைத்தாலும் விருந்துக்கு வராமல் புறக்கணித்தார்கள். ஹாலந்து வம்சத்தைச் சாக்காக வைத்து 'கத்தரிக்கும் டச்சுக்காரன்' என்று பெயர் வைத்தார்கள்.

பற்றாக்குறை உபரியானது உண்மை. ஆனால் சிக்கனம் மட்டும் அதைச் செய்யவில்லை. மாளவ அபினிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பம்பாய் வழியாக ஏற்றுமதி செய்ய விட்டதும் அவர் காலத்தில்தான். சீர்திருத்தவாதி என்று பாராட்டும்போது அபினி வருமானத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாஜ்மஹாலை இடித்து விற்கப் பார்த்தாராமே?

இது இணையத்தில் வருடம் தவறாமல் சுற்றும் கதை. அவர் ஆக்ரா கோட்டையில் உதிரியாகக் கிடந்த சலவைக்கல்லை விற்றார். அதிலிருந்து கிளம்பிய வதந்தி தாஜ்மஹால் வரை வளர்ந்துவிட்டது என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் விளக்கியிருக்கிறார். படியை வெட்டியதால் கடுப்பில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் விடுவார்களா?

சதி தடை யாருடைய வேலை? அவருடையதா, ராம் மோகன் ராயுடையதா?

மக்கள் மனதைத் தயார் செய்தது ராய். சட்டமாக்கும் துணிச்சல் பெண்டிங்குடையது. இதில் பலர் கவனிக்காத ஒன்று: நேரடித் தடை வேண்டாம், கெடுபிடிகள் மூலம் மெதுவாகக் குறைக்கலாம் என்றுதான் ராய் அவரிடம் சொன்னார். தடை போட்டால் மதத்தில் கை வைக்கிறார்கள் என்ற சந்தேகம் மக்களுக்கு வரும் என்பது ராயின் பயம். 1829 நவம்பர் 8 தேதியிட்ட தன் குறிப்பில் பெண்டிங்கே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் குறிப்பைப் படிக்கும்போதுதான் வேலூர் ஞாபகம் வருகிறது. தடை போட்டால் சிப்பாய்கள் கிளம்புவார்களா? இந்தக் கேள்வியை அவர் இந்த முறை ஊகத்துக்கு விடவில்லை. சிப்பாய்களோடு பழகிய 49 ராணுவ அதிகாரிகளுக்கு ரகசியமாக எழுதிக் கேட்டார். வந்த பதில்களில் தடையே கூடாது என்றவர்கள் ஐந்து பேர்தான். நீதிபதிகளையும் போலீஸ் அதிகாரிகளையும் கேட்டார். கணக்கெடுத்தார்: 1815 முதல் 1828 வரை வங்காள மாகாணத்தில் மட்டும் பதிவான உடன்கட்டைச் சம்பவங்கள் 8,134. அவற்றில் பெரும்பங்கு கல்கத்தாவைச் சுற்றித்தான். சிப்பாய்களோ பெரும்பாலும் அவத், பீகார் பக்கத்தவர்கள். அப்படியானால் ராணுவத்தில் கொந்தளிப்பு வராது என்று முடிவுக்கு வந்தார். அனுபவப்பட்ட ஆள் போடும் கணக்கு இது.

1829 டிசம்பர் 4இல் 17ஆம் ஒழுங்குவிதி வந்தது. விதவையை எரிக்க உதவுவது கொலைக்குற்றம் என்றாயிற்று. வங்காள மொழிபெயர்ப்புக்காகத் தாள் சீராம்பூரில் இருந்த வில்லியம் கேரியிடம் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தது. கேரி பாதிரியார் அன்றைய பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு நாள் தாமதமும் ஓர் உயிர் என்று சொல்லி அன்றைக்கே மொழிபெயர்த்து முடித்தார். 1830 பிப்ரவரியில் சென்னை மாகாணத்துக்கும் அதே தடை வந்தது.

எதிர்ப்பும் இருந்தது. தடையை எதிர்த்த கல்கத்தா இந்துக்களின் அமைப்பான தர்ம சபை லண்டன் வரை மேல்முறையீடு செய்தது. 1832இல் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தபோது ராய் லண்டனில்தான் இருந்தார், தடைக்கு ஆதரவாக.

ஊட்டிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1834இல் உடம்பு சரியில்லாமல் நீலகிரிக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினார். சட்ட உறுப்பினராக நியமனமாகி வந்த மெக்காலே ஜூனில் சென்னையில் இறங்கியதும், நேராக ஊட்டிக்கு வரச் சொல்லி உத்தரவு. ஆற்காடு, பெங்களூரு, மைசூர் வழியாகப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பளம் விரித்த நூலக அறையில் கணப்பு நெருப்புக்குப் பக்கத்தில் கவர்னர் ஜெனரல் உட்கார்ந்திருந்தார், நேர்மையும் நல்ல குணமும் உருவெடுத்த மாதிரி மனிதர் என்று மெக்காலே ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டில்தான் பெண்டிங்கின் பதவிப் பெயரும் மாறியிருந்தது: வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் என்பது போய், இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல்.

ஆங்கிலக் கல்வி மெக்காலே கொண்டுவந்ததா, பெண்டிங் கொண்டுவந்ததா?

வாதம் மெக்காலேயுடையது, 1835 பிப்ரவரி 2. தீர்மானம் பெண்டிங்குடையது, மார்ச் 7. அதற்குப் பதின்மூன்று நாளில் அவர் கப்பல் ஏறிவிட்டார். சமஸ்கிருதம், அரபி படிக்கப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உதவித்தொகை இல்லை, கல்விப் பணம் ஆங்கிலவழிக் கல்விக்கு என்பது சாரம். சதி விஷயத்தில் 49 பேரைக் கேட்டவர், கோடிக்கணக்கானவர்களின் படிப்பை மாற்றும் இந்த முடிவைப் புறப்படும் அவசரத்தில் முடித்தார். எதிர்த்துக் குறிப்பு எழுதிய அதிகாரி பிரின்செப்புக்கு நியாயமான விவாதம் கிடைக்கவில்லை. அதே 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியும் அவர் ஆணையில்தான் தொடங்கியது.

மைசூரையும் குடகையும் எடுத்துக்கொண்டது இவர்தானா?

ஆமாம். மைசூர் ராஜ்யத்தில் 'நகர்' என்ற பகுதியில் விவசாயிகள் கிளர்ந்ததைக் காட்டி, 1831இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து நிர்வாகத்தைப் பறித்தார். பின்னால் அவருக்கே உறுத்தியது. ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிப் பார்த்தார், லண்டன் கேட்கவில்லை. மைசூர் திரும்பக் கிடைத்தது 1881இல். குடகு 1834இல் போரில் வீழ்ந்தது. அரசர் சிக்க வீரராஜேந்திரரைக் கொண்டுபோய் வைத்த இடம், வேறெங்கே, முதலில் வேலூர். பிறகு காசி.

கசையடியை நிறுத்தினார் என்கிறார்களே?

1835 பிப்ரவரி 24இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி தண்டனை இல்லை என்று உத்தரவிட்டார். அப்போது தலைமைத் தளபதியும் அவரே. கவர்னராக இருந்தபோது தலைப்பாகைக்காக அடி வாங்கியவர்கள் அவர் மனதில் இருந்தார்களா என்பதை ஊகத்துக்கு விடுகிறேன். பாசறையில் முணுமுணுப்பு வேறு மாதிரி வந்தது: வெள்ளைச் சிப்பாய்க்கு அடி தொடர்ந்தது, இந்தியச் சிப்பாய்க்கு இல்லை! 1845இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் காலத்தில் கசையடி திரும்பி வந்தது.

கடைசிக் காலம்?

பிரபுப் பட்டம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றார். 1836இல் கிளாஸ்கோ தொகுதியில் நின்று மக்கள் சபைக்குப் போனார். 1839 ஜூன் 17இல் பாரிஸில் இறந்தார். 64 வயது.

இப்போது அவர் பெயரை எங்கே பார்க்கலாம்?

கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் சிலை இருக்கிறது. பீடத்தில் உடன்கட்டைக் காட்சி ஒன்று புடைப்புச் சிற்பமாக உண்டு, வாசகம் மெக்காலே எழுதியது. சென்னையில் வேப்பேரியில் பெண்டிங் பெண்கள் பள்ளி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் பெண்டிங் கட்டடம் என்று ஒன்று நின்றது. உயர் நீதிமன்றம் வருவதற்கு முன்பு இருந்த சுப்ரீம் கோர்ட் அதில் நடந்தது, பிறகு கலெக்டர் ஆபீஸ். அதை இடித்துவிட்டுக் கட்டியதுதான் ராஜாஜி சாலையில் இப்போதுள்ள சிங்காரவேலர் மாளிகை.

வேலூர் போனால் மக்கான் சந்திப்பில் 1806இல் இறந்த சிப்பாய்களுக்கான நினைவுத்தூண் இருக்கிறது, ஜூலை 10 அன்று மாலை போடுவார்கள். அங்கிருந்து கோட்டை கூப்பிடு தூரம்தான்.